முதலில் இடம், அப்புறம்தான் பட்டன்

நம்மவர் வீடுகளில் இந்தக் காட்சியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 55 அங்குல டிவி. அதில் பழைய கறுப்பு வெள்ளைப் படம். திரை முழுக்க நிரம்பியிருக்கிறது, ஆனால் சிவாஜி குண்டாக இருக்கிறார், சாவித்திரியின் முகம் தோசை மாதிரிப் பரந்து கிடக்கிறது. 4:3 அளவில் எடுத்த படத்தை டிவி 16:9க்கு இழுத்து வைத்திருக்கிறது. ரிமோட்டில் நாலு தடவை அமுக்கினால் சரியாகிவிடும். தாத்தா அமுக்க மாட்டார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் "டிவி சின்னதாப் போச்சே" என்பார். பேரன் அமுக்க மாட்டான். அவன் போனில் இருக்கிறான்.

கோணலாக இருப்பதைக் கோணல் என்று கண்டுகொள்ளும் கண் நமக்கு மெல்ல மெல்ல மழுங்கி வருகிறது என்பது என் எண்ணம். அதைக் கூர்தீட்ட நான் சொல்லும் மருந்து கொஞ்சம் பழையது. வாய்ப்புக் கிடைத்தால், வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு சி.ஆர்.டி. மானிட்டரின் படத்தை நீங்களே நிமிர்த்திப் பாருங்கள். பின்பக்கம் பானை வயிறு மாதிரித் தள்ளிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய கண்ணாடிப் பெட்டியைத்தான் சொல்கிறேன். பழைய வீடியோ கேம் பைத்தியம் பிடித்த சிலர் உங்களில் ஏற்கெனவே ஒன்றைத் தெருவோரத்திலிருந்து தூக்கிவந்து வைத்திருப்பீர்கள். நல்லது. இந்தக் கட்டுரை முதலில் உங்களுக்கு.

படம் ஏன் வளைகிறது?

1897இல் ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த குழாயின் பேரப்பிள்ளைதான் இந்த மானிட்டர். பின்னாலிருந்து எலக்ட்ரான் கற்றை ஒன்று பாய்ந்து வருகிறது. குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை மாற்றி மாற்றி அந்தக் கற்றையை இடமும் வலமும், மேலும் கீழும் வளைக்கிறது. கற்றை தொட்ட இடத்தில் திரையின் பூச்சு ஒளிர்கிறது. இப்படி வரிவரியாக எழுதி, ஒரு நொடிக்கு 60 தடவையோ 85 தடவையோ முழுப் படத்தையும் வரைந்து முடிக்கிறது.

இப்போது கையில் ஒரு டார்ச்சை எடுத்துச் சுவருக்கு நேரே பிடியுங்கள். நின்ற இடத்திலேயே மணிக்கட்டை ஒரே வேகத்தில் திருப்புங்கள். நேர் எதிரே வெளிச்சப் புள்ளி மெதுவாக நகரும். ஓரத்துக்குப் போகப் போகப் பாய்ந்து ஓடும். உங்கள் கையிலிருந்து சுவரின் மூலை தூரம், நடு கிட்டே, அவ்வளவுதான் காரணம். மானிட்டரிலும் இதே கதை. சும்மா விட்டால் நான்கு மூலைகளும் வெளியே இழுபட்டு, பக்கங்கள் உள்ளே குழிந்துபோகும். இதைப் பின்குஷன் என்பார்கள். தையல்காரர் ஊசி குத்தி வைக்கும் சின்ன மெத்தையின் வடிவம். அளவுக்கு மீறித் திருத்தினால் பக்கங்கள் வெளியே உப்பும், அது பீப்பாய். மேலே குறுகி கீழே விரிந்தால் பள்ளிக்கூடக் கணக்கில் படித்த சரிவகம். முழுப் படமும் ஒரு பக்கம் சாய்ந்து நெளிந்தால் இணைகரம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வளைவு பழுதல்ல, இயற்கை. நேராகத் தெரியும் ஒவ்வொரு சி.ஆர்.டி. படத்துக்குப் பின்னாலும் ஒரு வேண்டுமென்றே செய்த எதிர் வளைவு இருக்கிறது. மேல் வரிகளையும் கீழ் வரிகளையும் கொஞ்சம் குறுக்கி, நடு வரிகளைக் கொஞ்சம் அகட்டி எழுதும்படி மின்சுற்று கற்றைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மானிட்டரின் மெனுவில் நீங்கள் பார்க்கும் அந்தச் சின்னச் சின்னப் படக்குறிகள் எல்லாம் இந்த எதிர் வளைவின் அளவைக் கூட்டிக் குறைக்கத்தான்.

லைங் தாயாவில் ஒரு மானிட்டர்

யாங்கோன் நகரின் மேற்கே, லைங் ஆற்றைத் தாண்டினால் லைங் தாயா. 1989இல் புதுநகரமாக உருவானது. 1995இல் தொழிற்பேட்டை வந்தது. 2008இல் நர்கிஸ் புயல் டெல்டாவைச் சிதைத்த பிறகு அங்கிருந்து ஏராளமானோர் பிழைப்புத் தேடி இங்கே வந்தார்கள். 2014 மக்கள்தொகைக் கணக்கில் 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். தையல் ஆலைகள் வரிசையாக நிற்கும். காலையில் அலுமினிய அடுக்குச் சாப்பாட்டுடன் சாரிசாரியாகப் போகும் இளம்பெண்களில் பலர் உங்கள் வயதுதான்.

பத்தாண்டுகளுக்கு முன்பு ஐ.டி. ஆலோசகனாக அங்கே ஓர் ஆலைக்குப் போனேன். எந்த ஆலை என்பது வேண்டாம். துணி வெட்டுவதற்கு முன்னால் சட்டையின் ஒவ்வொரு துண்டையும் கணினியில் வரையும் அறை. மூன்று பழைய 17 அங்குல சி.ஆர்.டி. மானிட்டர்கள். சுவரோர மானிட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். அவள் வரையும் நேர்கோடுகள் வளைந்திருப்பதாக மேற்பார்வையாளருக்குக் குறை. அவர் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். கோடு வளைந்துதான் தெரியும். வட்டமும் முட்டையாகத் தெரியும். அவள் அளவுகளைத் தட்டிக் காட்டினாள், எண்கள் சரி. காகிதத்தில் அச்செடுத்துக் காட்டினாள், அதுவும் சரி. அப்படியும் முடிவு என்ன தெரியுமா? கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் தையல் வரிசைக்கு மாற்றிவிடுவோம் என்பது. அந்த அறையிலிருந்து தையல் வரிசைக்குப் போவது அங்கே கீழே இறங்குவது.

அந்தத் திரை மெலிதாக நடுங்கிக்கொண்டும் இருந்தது. நடுக்கம் எனக்கு முதல் துப்பு. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். யாங்கோனில் மின்சாரம் ஏறி இறங்கும் என்பதால் வீட்டுக்கு வீடு, ஆலைக்கு ஆலை ஸ்டெபிலைசர் இருக்கும். இங்கே ஒரு பெரிய ஸ்டெபிலைசர் மானிட்டரின் முதுகுக்கு நேரே உறுமிக்கொண்டிருந்தது. அதன் டிரான்ஸ்பார்மர் கசியவிடும் காந்தப்புலம் நொடிக்கு 50 தடவை திசை மாறும், ஏனென்றால் அந்த நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மானிட்டரோ நொடிக்கு 60 தடவை படம் எழுதுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10. அதனால் படம் நொடிக்குப் பத்துத் தடவை ஆடுகிறது. இதற்கு மெனுவில் எந்தப் பட்டனும் கிடையாது. மேசையை ஒன்றரை மீட்டர் தள்ளிப் போட்டோம். நடுக்கம் நின்றது.

அடுத்தது முட்டை வட்டம். யாரோ அந்தக் கணினியை 1280க்கு 1024 என்று மாற்றியிருந்தார்கள். அது 5:4 விகிதம். கண்ணாடியோ 4:3. அந்தப் படத்தைத் திரை முழுக்க இழுத்தால் எல்லாமே அகலத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் உப்பும். 1280க்கு 960 என்று வைத்ததும் வட்டம் வட்டமானது. இந்த மாதிரி மானிட்டர்கள் ஒவ்வோர் அளவுக்கும் வடிவத் திருத்தத்தைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும். புது அளவுக்கு யாரும் திருத்தம் செய்து வைக்காததால்தான் கோடுகளும் வளைந்திருந்தன.

கடைசியாகக் கோடுகள். அளவுகோலுக்கு எங்கே போவது? தையல் ஆலையில் நூலுக்கா பஞ்சம்! ஒரு நூலில் பாபினைக் கட்டி மானிட்டருக்கு முன்னால் தொங்கவிட்டாள் அந்தப் பெண். கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. திரையில் கட்டம் போட்ட படம் ஒன்றை வைத்து, நூலோடு ஒட்டி நிற்கும்வரை அவளே பட்டனை அழுத்தினாள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள். "மானிட்டர் ரிப்பேர்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அவள் அந்த நாற்காலியில் நீடித்தாள்.

கருவி கோணினால் அதன் பழி முதலில் விழுவது அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில்தான். அவர் சம்பளம் குறைந்தவராக இருந்தால் இன்னும் சீக்கிரம் விழும். கருவியை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தால் போதும், பழி இடம் மாறும். வடிவத்தைத் திருத்தக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

பூமியும் ஒரு காந்தம்

ஸ்டெபிலைசரைத் தள்ளி வைக்கலாம். பூமியை எங்கே தள்ளி வைப்பது? பூமியின் காந்தப்புலமும் எலக்ட்ரான் கற்றையை வளைக்கிறது, அதுவும் ஊருக்கு ஊர் வேறு மாதிரி.

லண்டனிலும் டொரன்டோவிலும் பூமியின் காந்தக் கோடுகள் 65, 70 பாகைச் சரிவில் தரைக்குள் இறங்குகின்றன. மெல்போர்னில் ஏறக்குறைய அதே சரிவில் தரையிலிருந்து மேலே ஏறுகின்றன. யாங்கோனில் சுமார் 20 பாகைதான். திருநெல்வேலிப் பக்கம் போனால் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும், ஏனென்றால் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டித்தான் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கேரளத்துத் தும்பாவிலிருந்து கிளம்பியதற்கும் இந்தக் கோடு பக்கத்தில் இருந்ததே காரணம். இன்றும் திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது.

செங்குத்தாக இருக்கும் புலம் படத்தைப் பக்கவாட்டில் தள்ளும், நிறத்தையும் கலைக்கும். அதனால்தான் மானிட்டர் செய்தவர்கள் வட அரைக்கோளத்துக்கு ஒன்று, தென் அரைக்கோளத்துக்கு ஒன்று, நடுக்கோட்டுப் பகுதிக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சரிசெய்து அனுப்பினார்கள். மெல்போர்னுக்காகச் செய்த பெட்டியை டொரன்டோவில் வைத்தால் அது முகம் சுளிக்கும். பெட்டியில் குறை இல்லை. அது வேறோர் ஊருக்குப் பழகி வந்திருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படுத்திருக்கும் புலம் செய்வது வேறு. அது குழாயின் நீளவாக்கில் ஓடினால் முழுப் படத்தையும் கடிகார முள் மாதிரிக் கொஞ்சம் திருகும். லண்டனில் இருப்பதைவிட யாங்கோனில் இந்தப் படுத்த புலம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே லைங் தாயாவில் மானிட்டரை வடக்குப் பார்த்து வைப்பதா கிழக்குப் பார்த்து வைப்பதா என்பது லண்டனைவிட முக்கியமான கேள்வி. வாஸ்து இல்லை, இயற்பியல்.

பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தாலும் இதே தொல்லைதான். தமிழ்நாட்டில் 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் ஒரு கோடிக்கும் மேல். அத்தனையும் சி.ஆர்.டி. உங்கள் சொந்த ஊர் வீட்டில் மூலையில் பச்சையும் ஊதாவும் கறையாகத் தெரிந்த டிவியைப் பார்த்த நினைவிருந்தால், பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி ஏதாவது இருந்ததா என்றும் நினைத்துப் பாருங்கள்.

வரிசை மாறக் கூடாது

இனி வேலை. மெனுவைத் திறந்து கண்டபடி அமுக்காதீர்கள். வரிசை முக்கியம்.

முதலில் இடம். ஸ்பீக்கர், ஸ்டெபிலைசர், மின்விசிறி மோட்டார், இரும்பு பீரோ எல்லாவற்றிலிருந்தும் விலக்கி, எந்தத் திசை பார்த்து நிரந்தரமாக வைக்கப் போகிறீர்களோ அந்தத் திசையில் வையுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடு ஏறும்வரை படம் நிலைக்காது.

இரண்டாவது, டீகாஸ். திரைக்குப் பின்னால் உள்ள மெல்லிய உலோகத் தட்டில் ஏறிய காந்தத்தை நீக்கும் பட்டன். சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் மாறிமாறிப் புரளும் புலத்தைப் பலமாகத் தொடங்கி மெல்ல மெல்லச் சுழியமாக்கும். 'டொய்ங்' என்று ஒரு சத்தம், படம் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கும். வேடிக்கையாக இருக்கிறதே என்று திரும்பத் திரும்ப அமுக்கினால் பயனில்லை. உள்ளே ஒரு பாகம் சூடாகி ஆற வேண்டும். இருபது, முப்பது நிமிடம் இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது, நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகும் அளவையும் புதுப்பிப்பு வேகத்தையும் வைத்துவிட்டு, கட்டங்களும் வட்டமும் உள்ள சோதனைப் படத்தைத் திரையில் போடுங்கள். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நிலையங்கள் வட்டம் போட்ட படத்தைக் காட்டிக்கொண்டிருந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. வட்டம் கெட்டால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

நான்காவது, சாய்வு. அதன் பிறகு படத்தை நடுவில் நிறுத்துங்கள். பிறகு சரிவகமும் இணைகரமும். பிறகு பின்குஷன். கடைசியில் உயரமும் அகலமும். அளவு நாடாவால் அளந்து 4க்கு 3 வருகிறதா என்று பாருங்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கொஞ்சம் நகரும். அதனால் இன்னொரு சுற்று வாருங்கள். கண்ணாடி தடிமன் என்பதால் எப்போதும் நேர் எதிரே இருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்.

நூறு சதவீதம் நேராகாது. ஏதோ ஒரு மூலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முரண்டு பிடிக்கும். எங்கே நேராக இருப்பது உங்களுக்கு முக்கியம் என்று முடிவு செய்துகொண்டு அங்கே நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு வேண்டாம். பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாய் அதைப் பிடித்து வைத்திருக்கும். வெளிப் பட்டன்களோடு தீராதது மெக்கானிக்கின் வேலை. தூக்கி எறியவே வேண்டுமென்றாலும் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

இதெல்லாம் இப்போது எதற்கு?

எல்.சி.டி. வந்த பிறகு இந்தத் தலைவலியே இல்லையே அண்ணா, செத்துப்போன தொழில்நுட்பத்துக்கு ஏன் இவ்வளவு நீளக் கட்டுரை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்.சி.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் அறைந்து வைத்தது, வளையாது. ஆனால் வளைவு உலகத்தை விட்டுப் போகவில்லை. நீங்கள் தலையில் மாட்டும் வி.ஆர். கருவியின் கண்ணாடி வில்லை படத்தைப் பின்குஷனாக இழுக்கிறது. அதனால் மென்பொருள் படத்தை முன்கூட்டியே பீப்பாயாக உப்பி அனுப்புகிறது. உங்கள் போனின் அகலக் கேமரா எடுக்கும் படத்தை உள்ளே ஒரு நிரல் நிமிர்த்தித்தான் உங்களிடம் காட்டுகிறது. பிரவுனின் குழாய்க்குச் செய்த அதே வைத்தியம். வித்தியாசம் என்னவென்றால், இப்போது பட்டன் உங்கள் கையில் இல்லை.

பட்டன் கையில் இருக்கும் இடத்தில்கூட நாம் வரிசையை மறந்துவிட்டோம். தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். புரொஜெக்டரைக் கீழே ஒரு நாற்காலியில் சாய்த்து வைப்பார்கள். படம் சரிவகமாக விழும். உடனே கீஸ்டோன் பட்டனை அமுக்கிப் படத்தைப் பிடித்து நெரிப்பார்கள். அந்தப் பட்டன் படத்தின் புள்ளிகளைக் குறைத்துத்தான் வடிவத்தை மீட்கிறது. குறளும் மங்கும், குழந்தைகளின் பெயரும் மங்கும். புரொஜெக்டரை ஒரு மேசை மேல் தூக்கித் திரைக்கு நேரே வைத்திருந்தால் அந்தப் பட்டனே தேவைப்பட்டிருக்காது.

1904இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பம்பாயில் குதிரை இழுத்த டிராம்களை மின்சாரத்துக்கு மாற்றும் திட்டம் வந்தது. கொலாபாவில் பல பத்தாண்டுகளாகப் பூமியின் காந்தத்தை அளந்துகொண்டிருந்தது ஓர் ஆய்வுக்கூடம். டிராம் ஓடினால் அளவு கெடும் என்று அவர்களுக்குத் தெரியும். கருவிக்கு ஒரு திருத்த எண்ணைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. கடலுக்கு அக்கரையில் அலிபாகில் புதுக் கூடமே கட்டினார்கள். கொஞ்சக் காலம் இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்து ஒப்பிட்டுவிட்டுத்தான் இடம் மாறினார்கள்.

முதலில் இடத்தைப் பார், பிறகு கருவியைச் சூடேறவிடு, ஒரு நேரான நூலை எதிரே தொங்கவிடு, அதன் பிறகு பட்டனைத் தொடு. ஒரு பழைய மானிட்டர் இதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடும். அடுத்த தடவை யாராவது "உன் கண்ணில்தான் கோளாறு" என்று சொன்னால், ஒரு நூலும் பாபினும் கேளுங்கள்.